நேரும் நிரையும் நைனாவும்

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடும். விசைப்படகு கரை சேர்ந்ததும் கூடை கூடையாக மீனைக் கொட்டுகிறார்கள். சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணாலேயே எடை போடுகிறார்கள். ஏலக்காரரின் குரல் எழுகிறது. இரைச்சலில் தொகை காதில் விழாமல் போகலாம். ஆனால் விலை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்பதை எட்ட நிற்பவரும் சொல்லிவிடுவார். ஏறும்வரை குரல் தரைக்கு இறங்காமல் மேலேயே நிற்கும். முடிந்ததும் சட்டென்று கீழே வரும்.

பேச்சிலிருந்து சொற்களை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, எந்த ஒலி எவ்வளவு நேரம் நீண்டது என்ற கால அளவு. மற்றொன்று, குரல் எங்கே ஏறி எங்கே இறங்கியது என்ற சுருதிக் கோடு. பிறந்த குழந்தை சொல்லைக் கற்பதற்கு முன்பே இவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் காத்லீன் வெர்ம்கேயின் குழு 2009இல் 60 பச்சிளம் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து அலசியது. எல்லாமே பிறந்து சில நாள்தான் ஆனவை. பிரெஞ்சுத் தாய்மாரின் குழந்தைகள் சுருதி ஏறிச்செல்லும்படியும், ஜெர்மன் தாய்மாரின் குழந்தைகள் மேலே தொடங்கி இறங்கும்படியும் அழுதன. கருப்பையின் சுவர் மெய்யெழுத்துகளை மழுக்கிவிடுகிறது, நடையையும் ஏற்ற இறக்கத்தையும் உள்ளே விடுகிறது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரை, இந்த இரண்டையும் ஆராய ஓர் ஆய்வுக்கூடம் போன்றது. கோயில் பாட்டு, கண்ணி, வலை இழுக்கும் பாட்டு, சாவு வீட்டுக் கானா, மற்றவர்கள் கிண்டல் செய்யும் மெட்ராஸ் பாஷை என்று எல்லாம் ஒரே பேருந்துத் தடத்தில் கிடைக்கின்றன.

கண்ணிமைப்பு என்னும் அளவுகோல்

கால அளவிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியம் ஒலியின் நீளத்தை மாத்திரை என்ற அலகால் அளக்கிறது. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.

யாப்பு இந்த எழுத்துகளை அசையாகக் கட்டுகிறது. தனிக் குறிலோ தனி நெடிலோ வந்தால் நேர். குறிலைத் தொடர்ந்து இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்து வந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் கணக்கு மாறாது. 'தேமா' நேர்நேர், 'புளிமா' நிரைநேர், 'கூவிளம்' நேர்நிரை, 'கருவிளம்' நிரைநிரை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோகும் இந்த மரப்பெயர்கள் உண்மையில் ஒலிக் குறியீடுகள்.

இந்தக் குறியீடு எவ்வளவு துல்லியமானது என்பதற்குத் திருவொற்றியூரே சாட்சி. ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் (1823–1874) இளமையில் ஒற்றியூர்க் கோயிலுக்கு ஓயாமல் வந்தவர். இங்குள்ள வடிவுடை அம்மன்மேல் அவர் பாடிய வடிவுடை மாணிக்க மாலை 101 பாடல்கள் கொண்டது. யாப்பு, கட்டளைக் கலித்துறை. இந்த யாப்பில் ஓர் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாக 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பாடும்போது புலவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாரா? தேவையே இல்லை. அசைகள் சேர்ந்தது சீர். தேமா, புளிமா மாச்சீர்; கூவிளம், கருவிளம் விளச்சீர்; இவற்றோடு கடைசியில் ஒரு நேர் சேர்ந்தால் மாங்காய், விளங்காய் என்ற காய்ச்சீர். அடிக்கு ஐந்து சீர். சீரும் சீரும் சேரும் இடத்தில் வெண்டளை என்ற விதி: மாச்சீரை அடுத்து நிரை, விளச்சீரை அடுத்து நேர், காய்ச்சீரை அடுத்து நேர். நேருக்கு ஓர் எழுத்து, நிரைக்கு இரண்டு. இனிக் கூட்டிப் பார்க்கலாம். மாச்சீரின் கடைசி அசை நேர் (1), அடுத்த சீரின் முதல் அசை நிரை (2), மொத்தம் 3. விளச்சீரின் கடைசி அசை நிரை (2), அடுத்தது நேர் (1), மறுபடியும் 3. மாங்காய்ச் சீரில் முதல் அசைக்குப் பின் இரண்டு நேர் (2), அடுத்த சீரில் நேர் (1), அப்போதும் 3. இவற்றில் எந்தச் சீரைப் போட்டாலும் இணைப்புக்கு மூன்று எழுத்துதான்.

நான்கு இணைப்புக்கு 12. கடைசிச் சீர் விளங்காயாக இருக்க வேண்டும் என்பது விதி. அதன் முதல் அசையை முன்னமே எண்ணிவிட்டோம், மீதி நிரையும் நேரும் 3. ஆக 15. அடியின் முதல் அசை நேரானால் 16, நிரையானால் 17. காது வெண்டளையைப் பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை தானே வந்து நிற்கும். விளங்காய்ச் சீரைக் கடைசி இடத்தில் மட்டும் வைத்ததன் காரணமும் இதுதான். நடுவில் அது வந்தால் இணைப்புக்கு நான்கு எழுத்தாகிக் கணக்கு உடைந்துவிடும்.

இதே ஒற்றியூருக்குத் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் வேறொரு கணக்கை வைத்திருந்தார். அவருடைய சந்தத்தில் ஒற்றும் கணக்கில் சேரும். 'தத்த' என்று வந்த இடத்தில் வல்லினம் அழுந்த வேண்டும், 'தந்த' என்று வந்த இடத்தில் மெல்லினம் ஒலிக்க வேண்டும். அசை யாப்பு நீளத்தை மட்டும் கேட்கிறது. சந்தம் ஒலியின் கடுமையையும் கேட்கிறது.

துப்பாக்கியும் தந்தியும்

மேற்கில் பேச்சின் நடை பற்றிய கேள்வி வேறு வழியாக வந்தது. ஸ்பானிய மொழி இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோலவும் ஆங்கிலம் தந்தி அடிப்பதுபோலவும் கேட்கின்றன என்று 1940இல் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் எழுதினார். 1945இல் அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் அதைக் கோட்பாடாக்கினார். ஸ்பானியம் போன்ற மொழிகளில் அசைகள் சம இடைவெளியில் விழுகின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசைகள்தான் சம இடைவெளியில் விழுகின்றன, நடுவில் இருப்பவை நசுங்கிக்கொள்கின்றன. உலக மொழிகள் எல்லாம் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் அடங்கும் என்று பலரும் நம்பினார்கள்.

தமிழ் அடங்கவில்லை. டி. பாலசுப்பிரமணியன் தமிழ்ப் பேச்சின் கால அளவுகளைக் கருவியால் அளந்து 1980இல் 'ஜர்னல் ஆஃப் ஃபொனட்டிக்ஸ்' இதழில் வெளியிட்டார். தமிழ் இரண்டு வகையிலும் சேராது என்பது அவர் கண்ட முடிவு.

2002இல் ஆய்வாளர்கள் எஸ்தர் கிரேப், லோ ஈ லிங் இருவரும் 18 மொழிகளை ஒரே அளவுகோலால் அளந்தார்கள். மொழிக்கு ஒருவர் பேசினார். அடுத்தடுத்து வரும் இரண்டு உயிர்களின் நீள வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், பேச்சு முழுவதற்கும் அதன் சராசரியை எடுக்க வேண்டும். எல்லா உயிரும் ஒரே நீளமானால் விடை பூச்சியம். குறிலும் நெடிலும் 80 மில்லி வினாடி, 160 மில்லி வினாடி என்று மாறி மாறி வருவதாகக் கொண்டால், வேறுபாடு 80, சராசரி 120, விடை 66.7. இலக்கணம் சொல்லும் ஒன்றுக்கு இரண்டு விகிதம் இம்மி பிசகாமல் மாறி மாறி வந்தால் கிடைக்கும் எண் அது.

கிடைத்த விடைகள்: ஸ்பானியம் 29.7, ஜப்பானியம் 40.9, பிரிட்டிஷ் ஆங்கிலம் 57.2. தமிழ் 55.8. ஆங்கிலத்துக்கு அருகே தமிழ் வந்து நிற்கிறது. ஆனால் காரணம் வேறு. ஆங்கிலத்தில் உயிர் நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அழுத்தத்தால். தமிழில் அது சொல்லின் உடம்போடு பிறந்தது.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. படு என்பதை நீட்டினால் பாடு, விடு என்பதை நீட்டினால் வீடு, பல் நீண்டால் பால். நீளத்தைச் சொற்களைப் பிரிக்கவே தமிழ் செலவழித்துவிட்டது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதற்காக அதை இஷ்டப்படி நீட்ட முடியாது. மோதும் வேறு சொல் இல்லாத இடத்தில் மட்டும் நீட்டிக்கொள்ளலாம். "பெரீய்ய வஞ்சிரம்" என்று மீன்காரப் பெண் இழுப்பது அந்த வகை. மற்ற இடங்களில் அழுத்தம் வேறு வழி தேட வேண்டும்.

ஏகாரத்தின் ஐந்து குரல்கள்

அந்த வழி சுருதியும் இடைச்சொல்லும். தொண்டையில் குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றனவோ அதுவே சுருதி. ஆணுக்கு ஏறத்தாழ 120, பெண்ணுக்கு 200. வாக்கியம் நீள நீள நுரையீரலின் காற்றழுத்தம் குறைவதால் சுருதியும் மெல்ல இறங்கும். ஏலக்காரர் தம் குரலை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது, "இன்னும் முடியவில்லை" என்று எல்லோருக்கும் சொல்வதுதான்.

தமிழின் சுருதிக் கோட்டை விரிவாக வரைந்தவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் எலினார் கீன். அவர் 2014இல் எழுதிய ஆய்வின்படி, தமிழ் வாக்கியம் சிறுசிறு தொடர்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு தொடரும் தாழ்ந்த சுருதியில் தொடங்கி முடிவை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு சொல்லே ஒரு தொடர். ஆங்கிலத்தில் பேசுபவர் தாம் முக்கியம் என்று நினைக்கும் சொல்லைத் தூக்கி அடிக்கிறார். தமிழர் அந்தச் சொல்லின் வாலில் 'தான்', 'ஏ', 'உம்' ஆகியவற்றைக் கட்டிவிடுகிறார். "நேத்துதான் வந்தான்", "அவனே வந்தான்" என்னும்போது அழுத்தம் இலக்கணத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்கும் 'ஆ' போதும்.

அப்படியானால் சுருதிக்கு வேலை இல்லையா? தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. எழுத்தில் ஐந்தும் ஒரே ஏகாரம். வாயில் அப்படி அல்ல. "அவனே" என்பதைச் சந்தேகமாகவும் உறுதியாகவும் சொல்லிப் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும். வடசென்னையில் இந்த வேலையை விளிச்சொற்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. "இன்னாபா" என்பது நலம் விசாரிப்பாகும், சண்டைக்கு அழைப்பாகும், இழவு வீட்டில் ஆறுதலும் ஆகும். 'பா', 'மே', 'நைனா' மூன்றும் தொடரின் கடைசியில், தமிழ்ச் சுருதி ஏறும் அதே இடத்தில், வந்து உட்காருகின்றன.

கீறானும் அத்தயும்

மெட்ராஸ் பாஷையைக் கேலிப்பொருளாக்கிய திரைப்படங்கள் நிறைய. 1958இல் வந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்த ஜே.பி. சந்திரபாபு அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோனார். சிதைந்த தமிழ் என்ற பட்டம் மட்டும் போகவில்லை.

யாப்பின் அளவுகோலை இதன்மேல் வைத்துப் பார்க்கலாம். 'இருக்கிறான்' நிரைநிரை. மாத்திரை ஆறு. அது 'கீறான்' ஆகும்போது நேர்நேர், நாலரை மாத்திரை. 'போய்க்கொண்டு' மூன்று நேர். 'போய்க்கினு' நேரும் நிரையுமாக இரண்டே அசை. இதுவரை சுருக்கம்தான், சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் 'அதை' என்ற ஒரே நிரையசை, 'அத்த' என்று ஓர் ஒற்று வாங்கி இரண்டு அசையாக வளர்கிறது. 'இதை' அப்படியே 'இத்த' ஆகிறது. 'என்ன' என்பதன் கடைசிக் குறில் 'இன்னா'வில் நெடிலாகிறது. சோம்பல் எதையும் நீட்டாது. நீண்டதும் குறுகியதும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன: கீறான், அத்த, இத்த, இன்னா, குந்து, துன்னு. எல்லாம் நேர்நேர், தேமாவின் குடும்பம்.

எழுத்துத் தமிழின் நடையும் பேச்சுத் தமிழின் நடையும் வேறு என்பதைக் கருவியும் காட்டியிருக்கிறது. கீன் 2006இல் ஒரே மொழியின் இந்த இரண்டு வடிவங்களையும் வாசிக்கச் செய்து அளந்தார். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது. 2002இன் கணக்கில் அருகே நின்ற பிரிட்டிஷ் ஆங்கிலத்திலிருந்தும் இங்கே இரண்டுமே விலகி நின்றன. பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழின் நிழல் அல்ல, அதற்கென்று ஒரு தாளம் உண்டு.

நொடிக்கு இரண்டு, நொடிக்கு ஐந்து

பேச்சு பாட்டாவது எங்கே? நை டிங், டேவிட் போப்பல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் ஒன்பது மொழிகளின் பேச்சையும் பலவகை இசையையும் ஒப்பிட்டார்கள். பேச்சின் ஒலி அலை நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை எழுந்து தாழ்கிறது. அது அசைகளின் வேகம். இசையில் அது நொடிக்கு இரண்டு. கைதட்டும், கால் தட்டும் வேகம். நாவின் வேகத்தையும் கையின் வேகத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்துவதே பாட்டுக் கட்டுபவரின் வேலை.

கரைவலை இழுப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பல பேர் ஒரே கணத்தில் இழுத்தால்தான் வலை நகரும். சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுக்கிறார், மற்றவர்கள் 'ஐலசா' என்று வாங்குகிறார்கள். பொருள் உள்ள சொற்கள் முன்னவருக்கு. பொருளற்ற ஒலி இழுக்கும் கணத்துக்கு. மூச்சை வெளியே தள்ளவும் அந்த ஒலியே உதவுகிறது. வின்ச் வைத்த படகுகள் வந்த பிறகு அம்பாவுக்கு வேலை குறைந்துபோனது.

கானாவின் கதை வேறு. உழைப்பாளிகளின், குறிப்பாகத் தலித் மக்களின் தெருக்களில் வளர்ந்த இந்தப் பாட்டு, இறந்தவரைக் கிடத்தியிருக்கும் வீட்டில் இரவு முழுக்க ஒலிப்பது. தாளமில்லாமல் இழுத்துப் பாடி, பிறகு தாளத்தில் இறங்குவது வழக்கம். பெரிதும் வருவது திஸ்ர நடை, தட்டுக்கு மூன்று அட்சரம். நொடிக்கு இரண்டு தட்டு என்றால் ஆறு அட்சரம், பேசும் வேகத்துக்கு மிக அருகில். கானா பாடுவதுபோலவும் பேசுவதுபோலவும் ஒரே நேரத்தில் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அத்துடன் 'அத்த', 'குந்து', 'துன்னு' போன்றவற்றில் ஒற்றால் கனத்த அசை முன்னே, இலேசான அசை பின்னே. மூன்று அட்சரத்தில் இரண்டும் ஒன்றுமாக அவை அப்படியே அமரும். இலக்கணத் தமிழில் எழுதிக்கொடுத்தால் அதே மெட்டு நொண்டும்.

கானாக்காரர்கள் தங்கள் முன்னோராகச் சொல்லிக்கொள்பவர்களில் ஒருவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் தங்கிய சூஃபி. அவருடைய ரகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி ஆகியவற்றில் ஒவ்வோர் ஈரடியும் ஒரே விளியில் வந்து முடிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. இன்றைய கானா அடியின் கடைசியில் 'நைனா' நிற்கும் இடமும் அதே இடம்.

பேச்சையும் பாட்டையும் பொருத்தும் இந்தப் பரிசோதனை 2017 ஜனவரியில் தலைகீழாக நடந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த நீருக்கருகே டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி பேச்சுத் தமிழில் எழுதினார். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். கர்நாடக இசை உயிரை நீட்டி வளர்ப்பது. பேச்சுத் தமிழோ உயிரைக் குறுக்கி ஒற்றை அழுத்துவது. இரண்டும் மோதும் இடத்தில்தான் அந்தப் பாட்டின் உறைப்பு. அதே ஆண்டில் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' உருவானது. அதில் பாடிய வடசென்னைக் கானாப் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பேச்சின் நடை இசைக்குள்ளும் ஊறுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அனிருத் படேலும் ஜோசப் டேனியலும் 2003இல் ஆங்கிலேய, பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் மெட்டுகளை, 18 மொழிகளை அளந்த அதே சூத்திரத்தால் அளந்தார்கள். எல்கர் போன்றோரின் சுரங்கள் ஆங்கிலம்போல ஏறுக்குமாறாக நீண்டன, டெபுசி போன்றோரின் சுரங்கள் பிரெஞ்சுபோலச் சமமாக நடந்தன. அந்தச் சூத்திரத்துக்குத் தேவை ஓர் ஒலிப்பதிவும் ஒரு கணினியும் மட்டுமே. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான, ஒலியை அளக்கும் 'பிராட்' மென்பொருள் இலவசம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் மொழியியல், தமிழ்த் துறை மாணவர்கள் காசிமேட்டு ஏலத்தையும் ஒற்றியூர்க் கானாவையும் எண்ணூர் மீனவர் பேச்சையும் பதிவு செய்து அளக்கத் தொடங்க வேண்டும். முதலில் அம்பாப் பாட்டைப் பதிவு செய்யட்டும். அதைப் பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.